கமீல் க்ளோடெல்: சிறைவைத்தது காதலன்று

சிற்பி கமீல் க்ளோடெலைப் பற்றிய நாவல்களும் 1988இல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படமும் அவரது வாழ்வைப் பெரும்பாலும் ஒரு காதலின் சோகமாகவே சொல்கின்றன. ஒகுஸ்த் ரோடினை நேசித்தார், பிரிந்தார், மனம் பேதலித்தார் என்பதே அக்கதை. சட்டம் பயின்ற நாம் அவரது வாழ்வை ஆவணங்களின் வழியே படித்தால் கதையின் குற்றவாளி மாறிவிடுகிறார்.

1864இல் பிறந்த கமீல் பாரிஸுக்கு வந்த காலத்தில் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்க்கவில்லை. அக்கதவு 1897இல்தான் திறந்தது. தனியார் பயிலகத்தில் கற்று, பின்னர் ரோடினின் பட்டறையில் உழைத்தார். ரோடின் 24 ஆண்டுகள் மூத்தவர். ரோஸ் பூரே என்பவரோடு முன்பே வாழ்ந்துவந்தவர். வேறு மாணவியரை ஏற்பதில்லை, கமீலையே மணப்பேன் என்று 1886 அக்டோபரில் அவர் எழுத்திலேயே உறுதியளித்தார். உறுதி காற்றில் போனது. இருவரும் நேசித்தார்கள், பழியோ ஒருவர் மீதுதான் விழுந்தது.

நடனமாடும் இணையரை ஆடையின்றி கமீல் வடித்தபோது, கலைத்துறை ஆய்வாளர் ஆட்சேபித்தார். அவர் துணி போர்த்த வேண்டியதாயிற்று. ரோடினின் நிர்வாணச் சிற்பங்களோ போற்றப்பட்டன. 1895இல் அரசு கேட்ட 'முதிர்ச்சிப் பருவம்' சிற்பத்திற்கான வெண்கல வார்ப்பும் 1899இல் கைவிடப்பட்டது.

1913 மார்ச் 2இல், அவருக்குத் துணைநின்ற தந்தை மறைந்தார். எட்டே நாளில், மார்ச் 10 அன்று, கமீல் மனநலக் காப்பகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1838ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடும்பத்தாரின் விண்ணப்பமும் ஒரு மருத்துவச் சான்றும் போதும், நீதிபதி தேவையில்லை. இதற்குச் சட்டம் சூட்டியிருந்த பெயர் 'விருப்பச் சேர்க்கை'. யாருடைய விருப்பம் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

அவருக்கு நோய் இருந்ததை நாம் மறுக்கவில்லை. ரோடின் தம்மை அழிக்கச் சதி செய்கிறார் என்று நம்பினார். தம் படைப்புகளைத் தாமே உடைத்தார். ஆனால் 1920இல் மருத்துவரே அவரைக் குடும்பத்திடம் அனுப்பலாம் என்று பரிந்துரைத்தார். தாய் மறுத்தார், ஒருமுறைகூட மகளைச் சென்று பார்க்கவுமில்லை. கடிதத் தொடர்பைக் கட்டுப்படுத்தச் சொன்னவரும் அவரே. விடுதலை கோரி நீதிமன்றத்தை நாட அதே சட்டத்தில் வழியிருந்தது. கடிதமே தடுக்கப்பட்டவர் அவ்வழியை எப்படி அடைவார்?

தம்பி பால் புகழ்பெற்ற கவிஞர், அரசத் தூதர். அரிதாகவே வந்து சென்றார். 30 ஆண்டுகள் அடைபட்டிருந்த கமீல், 1943 அக்டோபர் 19 அன்று அவிஞோன் அருகிலுள்ள மோன்தெவெர்க் காப்பகத்தில் இறந்தார். 2017 முதல் நோஜான்-சுர்-சென் நகரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருக்கெனத் தனிக் கல்லறை இல்லை.