சந்துக்குக் குடிபோன பேராசிரியர்

கெட்டிக்காரன் ஒருவனைக் கண்டால், அவன் சரியான எம்டன் என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. நம் பாட்டிமார் சொல்லி நாம் கேட்ட கதைதான். அதே எம்டன் மறுமாதம் மினிக்காய்த் தீவுப் பக்கத்தில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்த செய்தி அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு கண்காட்சி. உலக நகரங்களின் படங்கள், வரைபடங்கள், மாதிரிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கடலுக்கடியில் போய்விட்டன. அவற்றைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த அறுபது வயது மனிதர் வேறு கப்பலில் வந்து பத்திரமாகக் கரையேறியிருந்தார். சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் வந்தவர் அவர். வேறொருவராயிருந்தால் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பியிருப்பார். இவரோ தாய்நாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் புதிய படங்களைத் திரட்டச் செய்தார். 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே தீர்ந்தது. பாட்ரிக் கெடிஸ் என்பது அவர் பெயர்.

நண்பர்களே, நம் சங்க மலரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாம் பயிலும் இந்த மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமூகவியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதற் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே மதுரையிலும் தஞ்சையிலும் சந்து சந்தாக நடந்து, ஏழைகளின் வீடுகளை நகரசபைகள் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக்கூடாது, என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. ஊர்ப் பற்றும் கல்லூரிப் பற்றும் சேர்ந்தால் எழுதாமல் இருக்க முடியுமா?

கெடிஸ் 1854-இல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது பெர்த் நகரில். லண்டன் சென்று ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879-இல் மெக்சிகோவுக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் கண்பார்வை சில காலம் மங்கிப்போயிற்று. இருட்டறையில் கிடந்த நாட்களில் ஜன்னற் சட்டத்தின் கட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டம் போட்டு அடுக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்தாராம். கண் மீண்டது, ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடி முன் நெடுநேரம் உட்கார முடியாமற் போயிற்று. உயிரணுவைப் பார்த்த கண் ஊரைப் பார்க்கத் திரும்பியது இப்படித்தான்.

அவர் ஆசிரியராக அமர்ந்த எடின்பரோவைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோட்டை மலையின் சரிவில் ஆறேழு மாடிக் கல்வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய நகரம் அது. வசதி படைத்தவர்கள் வடக்கே புதுநகரம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். குடிநீர் கீழே தெருவில். 1861-இல் ஒரு நள்ளிரவில் அத்தகைய கட்டிடம் ஒன்று அப்படியே சரிந்து 35 பேர் மாண்டார்கள். நகரசபை விழித்துக்கொண்டது. மறு ஆண்டே ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. 1867-இல் சீர்திருத்தச் சட்டம் ஒன்றைப் பெற்றுச் சந்துகளை இடித்து அகன்ற தெருக்களைப் போட்டது. தெருக்கள் அழகாகத்தான் இருந்தன. இடிபட்ட வீட்டிலிருந்தவன் எங்கே போனான் என்ற கேள்விக்கு மட்டும் திட்டத்தில் போதிய விடை இல்லை. அவன் எங்கே போவான்? பக்கத்துச் சந்தில், ஏற்கெனவே நிரம்பி வழிந்த இன்னொரு வீட்டில் போய் ஒண்டிக்கொண்டான். ஒரு சேரி ஒழிந்தது. அடுத்த சேரி இன்னும் நெருக்கமாயிற்று.

கெடிஸ் 1886-இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு தம்பதியர் புதுநகரத்து வாடகை வீட்டை விட்டு, ஜேம்ஸ் கோர்ட் என்னும் பழைய நகரத்து முற்றத்திற்குக் குடிபோனார்கள். ஒருகாலத்தில் தத்துவ ஞானி டேவிட் ஹ்யூம் குடியிருந்த இடம். இவர்கள் போனபோது சேரி. உற்றார் உறவினர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்! அங்கே போய் அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. சுண்ணாம்பும் தூரிகையும் வாங்கினார். அண்டை வீட்டாரைக் கூட்டி, அழுக்கேறிய சுவர்களுக்கு வெள்ளையடித்தார். ஜன்னல்களில் பூந்தொட்டி வைத்தார். கடன் வாங்கிப் பக்கத்துக் கட்டிடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, நிற்கக்கூடியவற்றைப் பழுதுபார்த்து, நிற்கமுடியாத ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் புகச் செய்தார். லண்டனில் ஆக்டேவியா ஹில் அம்மையார் 1865 முதல் ஏழைகளின் வீடுகளை நடத்திக் காட்டிய முறையை எடின்பரோவில் பின்பற்றிய சமூகச் சங்கத்திலும் இவருக்குப் பங்குண்டு. வாடகையைக் குறித்த நாளில் வாங்குவது, மிஞ்சியதைப் பழுதுபார்க்கச் செலவிடுவது: இதுதான் அம்மையாரின் முறை.

அதே 1887-இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு விடுதியும் திறந்தார். வார்டன் கிடையாது! மாணவர்களே தம்மை ஆண்டுகொள்ள வேண்டும். நம் விடுதியில் மெஸ் கமிட்டி படும் பாட்டை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அங்கே அது நடந்தது, வளர்ந்தது. படித்தவனும் பாமரனும் ஒரே முற்றத்தில் வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். 1888-இல் டண்டீயில் தாவரவியல் பேராசிரியரானார். அந்தப் பதவி கோடைப் பருவத்தில் மட்டுமே பாடம் கேட்டதால், மற்ற மாதங்கள் சந்துகளுக்குக் கிடைத்தன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கணக்குவழக்கு அவருக்கு வராது. வீடு வாங்கும் ஆர்வத்தில் கடன் கழுத்துவரை வந்தது. அன்னா அம்மையார்தான் எப்படியோ சமாளித்தார். கடைசியில் 1896-இல் நண்பர்கள் ஒரு கம்பெனி அமைத்து அந்தச் சொத்துக்களை ஏற்க நேர்ந்தது. பங்கு போட்டவர்கள் லாபம் எதிர்பார்ப்பார்கள் அன்றோ? கோட்டைக்கு அருகில் அவர் எழுப்பிய ராம்சே கார்டன் மாடி வீடுகளில் பேராசிரியர்களும் வசதியுள்ளவர்களும் குடியேறினார்கள். இடம் அழகானால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் ஏழை இறங்குவான் என்ற கணக்கை அவரால் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. நல்ல மனம் படைத்த ஒரு தனிமனிதரின் கடனால் முடிகிற காரியமன்று அது. பொதுப்பணமும் சட்டமும் வேண்டும். நகரசபைகள் வீடு கட்ட 1890-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. அவை கட்டியே ஆக வேண்டும், சர்க்கார் பணம் தரும் என்ற நிலை பிரிட்டனில் 1919-இல்தான் வந்தது. எனினும் அவர் மகள் நோரா அம்மையார் பழைய நகரத்துக் காலி மனைகளைத் தோட்டங்களாக்கிச் சேரிக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டதை இங்கே மறக்கக்கூடாது.

இந்த அனுபவத்தோடுதான் கெடிஸ் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது இந்திய நகரசபைகளுக்கு ஒரே வைத்தியந்தான் தெரிந்திருந்தது. பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் பம்பாயில் நகரச் சீர்திருத்த டிரஸ்டு ஏற்பட்டது. கல்கத்தாவிலும் ஒன்று தோன்றியது. சுகாதார என்ஜினீயர் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பார். கோட்டில் அகப்பட்ட வீடுகள் போகும். வீட்டுக்காரனுக்கு நஷ்டஈடு கிடைக்கும். வாடகைக்கு இருந்தவனுக்கு வெட்டவெளி கிடைக்கும்.

தஞ்சைக் கோட்டைக்குள் இத்தகைய திட்டம் ஒன்றை அவரிடம் காட்டினார்கள். வரைபடத்தை மடித்துவிட்டுச் சந்துக்குள் நடக்கத் தொடங்கினார். வெயில் பாராமல், ஒவ்வொரு வீட்டையும் கிணற்றையும் மரத்தையும் சிறு கோயிலையும் குறித்துக்கொண்டார். பாழடைந்து கிடந்த வீடு எது, வெறும் மனை எது, நல்ல சுவர் எது என்று பிரித்தார். பிறகு அவர் வரைந்த படத்தில் நேர்தெரு இல்லை. இங்கே பாழ்வீடு ஒன்றை எடுத்தால் ஒரு சிறு முற்றம். அங்கே ஒரு திண்ணையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் வண்டி திரும்ப இடம். இரண்டு காலி மனைகளைச் சேர்த்தால் ஒரு மரமும் குழந்தைகள் விளையாட நிழலும். மற்ற வீடுகள் நின்ற இடத்தில் நின்றன. குடியிருந்தவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். செலவும் குறைவு. உயிரைக் காக்கும் சத்திர சிகிச்சை என்ற பொருள்பட இதற்கு அவர் பெயரிட்டார். உயிரியல் படித்தவர் அல்லவா? நோயைக் கண்டறியாமல் கத்தி எடுக்கும் வைத்தியரை அவர் நம்பவில்லை. கத்தி எடுப்பதே தவிர்க்க முடியாத இடத்தில், முதலில் புதுவீடு, பிறகுதான் இடிப்பு என்பது அவர் கட்சி.

மதுரையும் திருவரங்கமும் அவரைக் கவர்ந்தன. கோயிலைச் சுற்றிச் சுற்றி விரியும் வீதிகளைக் கண்டு, நகரம் அமைக்கும் கலையை இந்த மக்களுக்கு மேனாட்டார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்று உணர்ந்தார். இதில் அவர் கொஞ்சம் மயங்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேர் ஓடும் வீதியின் அழகைக் கண்டவர், அந்த வீதியில் வீடு வைக்க எந்தச் சாதிக்கு இடமிருந்தது, எந்தச் சாதி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது என்பதை அதே அளவுக்கு அழுத்திக் கேட்கவில்லை.

1915 முதல் லக்னோ, நாகபுரி, டாக்கா, லாகூர் என்று பல நகரங்களுக்கு அறிக்கை எழுதினார். 1921-இல் கொழும்புக்கும் ஒன்று எழுதினார். இடையில் 1917-ஆம் ஆண்டு அவரை முறித்துப் போட்டது. மூத்த மகன் அலாஸ்டேர், சென்னையில் தந்தைக்கு உதவியாக இருந்தவர், பிரான்சுப் போர்முனையில் ஏப்ரலில் மாண்டார். அன்னா அம்மையார் அப்போது இந்தியாவில் கடும் நோயில் கிடந்தார். கணவர் செய்தியை மறைத்தார். மகனின் பழைய கடிதங்களையே புதியவைபோல் படித்துக் காட்டினார். சில வாரங்களில் கல்கத்தாவில் அம்மையாரும் காலமானார்.

துக்கத்தை அவர் வேலையில் கரைத்தார். 1918-இல் இந்தூருக்கு எழுதிய அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகள். அங்கே நடந்ததாக அவரே சொன்ன கதை ஒன்றுண்டு. ஊரில் பிளேக். வரைபடத்தோடு சுற்றும் வெள்ளைக்காரரைக் கண்டாலே, வீடு போயிற்று என்று மக்கள் நடுங்கினார்கள். கெடிஸ் மகாராஜாவிடம் ஒருநாள் அரசுரிமை கேட்டு வாங்கிக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் இந்த ஆண்டு வழக்கமான வீதியில் போகாது, எந்தத் தெரு மிகச் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியே போகும் என்று பறைசாற்றினார். அவ்வளவுதான், வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. ஊர்வலத்தில் அழுக்கரக்கனும் பிளேக் எலியும் பெரும் பொம்மைகளாக வந்து கொளுத்தப்பட்டன. தெருக்கூட்டும் தொழிலாளர் வெள்ளாடை உடுத்து, மாலையணிந்து முன்னே நடந்தனர். மாலை ஒரு நாளில் வாடிவிடும், அவர்கள் குடியிருப்பு மறுநாளும் அப்படியே இருந்திருக்குமே என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எனினும் உழைப்பாளருக்கு மனையும் உதவியும் கொடுத்தால் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்வார்கள் என்பதையும் அந்த அறிக்கையில் அவர் வற்புறுத்தினார். ஏழைகளுக்கு வீடு என்றாலே கட்டி முடித்த அறைகளை எண்ணிக் காட்டுவது என்றிருந்த காலத்தில் இது புதிய குரல்.

அவர் பம்பாயில் பேராசிரியராக இருந்தபோதுதான், 1920-இல் தொடங்கிய வளர்ச்சித் துறை வர்லியிலும் நாய்காவிலும் மற்ற இடங்களிலும் ஆலைத் தொழிலாளருக்குச் சால்களை எழுப்பியது. மொத்தம் 207 கட்டிடங்கள், குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஓர் அறை, கழிப்பிடம் பொது. கெடிஸ் கண்ணுக்கு அவை மனிதரை அடுக்கிவைக்கும் கிடங்குகளாகத் தெரிந்தன. அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து உறவினர் உள்ளவர்கள் நம் சங்கத்தில் சிலர் இருக்கிறார்கள். நகரச் சீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, எங்களுக்கு இங்கேயே இடம் உண்டா என்பதுதான். 2000-ஆம் ஆண்டு முதல் சென்னை ஆற்றோரங்களிலிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பேருந்துக் கட்டணம் வாடகையைப்போல் ஆயிற்று.

உடல்நலம் குன்றி 1924-இல் கெடிஸ் இந்தியாவை விட்டுப் போனார். தெற்குப் பிரான்சில் மான்ட்பெலியே நகரத்தருகே, தரிசு நிலத்தில், மறுபடியும் ஒரு மாணவர் விடுதி கட்ட ஆரம்பித்தார், மறுபடியும் கடன். 1932 தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்த விடுதியிலேயே காலமானார். இந்திய நகரசபைகளுக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரிகளில் தூங்கின. அவற்றிலிருந்து பகுதிகளைத் திரட்டி ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் 1947-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். தஞ்சைக் கோட்டைச் சந்துகளின் படம் அதில் இருக்கிறது: நகரசபையின் நேர்கோடு ஒன்றில், கெடிஸ் விட்டுவைத்த வீடுகள் மற்றொன்றில்.