தம்பலப்பூச்சி குறைஞ்சு போச்சா? மண்ணுக்குள் தலையெண்ண வழிகாட்டிய அன்டோனியோ பெர்லேசே

முதல் மழை விட்டதும் ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட் துணுக்கு மாதிரி ஊர்ந்து வருமே, தம்பலப்பூச்சி, ஞாபகம் இருக்கா? பட்டுப்பூச்சி என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் இதன் பெயர் மூதாய். வேலப்பன்சாவடி, திருவேற்காடு, ஆவடி பக்கமெல்லாம் காலி மனைகள் ஒவ்வொன்றாகக் கட்டடங்களாக மாறிவரும் நிலையில், இப்பல்லாம் அதைக் கண்ணுல பார்க்கவே முடியலை என்று சொல்பவர்கள் நிறைய பேர்.

உண்மையிலேயே அது அழிகிறதா? இல்லை, பார்ப்பதற்கு வெறும் தரை இல்லாததால் கண்ணில் படவில்லையா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எண்ண வேண்டும். மண்ணுக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது? அதற்கு 1905இல் ஒரு வழி சொன்னவர், இத்தாலியைச் சேர்ந்த அன்டோனியோ பெர்லேசே.

முதலில், மைட் என்றால் என்ன?

தம்பலப்பூச்சி உண்மையில் பூச்சியே இல்லை. பூச்சிக்கு 6 கால்கள். வளர்ந்த தம்பலப்பூச்சிக்கு 8. சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தமான மைட் இனம் இது. பயிரைத் தாக்கும் மைட்களை நம் விவசாயிகள் சிலந்திப்பேன் என்பார்கள். மண்ணில் வாழும் மைட்கள் பெரும்பாலும் பயிரைத் தொடுவதில்லை. சில, உதிர்ந்த இலையைத் தின்று பொடியாக்கி உரமாக மாற உதவுகின்றன. சில, மண்ணில் உள்ள மற்ற சிற்றுயிர்களை வேட்டையாடுகின்றன. தம்பலப்பூச்சி இந்தக் கூட்டத்தில் ராட்சதன். மற்றவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

19 வயதில் தொடங்கிய வேலை

பெர்லேசே 1863இல் இத்தாலியின் பதுவா நகரில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜோவன்னி கனெஸ்ட்ரினி. டார்வினின் நூலை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், மைட் ஆய்வாளரும்கூட. அந்த ஆர்வம் மாணவரையும் தொற்றிக்கொண்டது. இத்தாலியில் கிடைக்கும் மைட், மரவட்டை, தேள் வகைகளைப் படங்களுடன் பதிவுசெய்யும் தொடரை 1882இல் தொடங்கியபோது பெர்லேசேவுக்கு வயது 19. அந்த வேலை 20 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

ஆனால், மைட் ஆய்வு சோறு போடாது. பெர்லேசே சம்பளம் வாங்கியது பயிர்ப் பூச்சிகளை ஒழிக்கும் வேலைக்கு. 1890இல் நேப்பிள்ஸ் அருகே போர்டிச்சி வேளாண் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆலிவ் பழத்தைத் துளைக்கும் ஈயை இனிப்பில் நஞ்சு கலந்து தெளித்துப் பிடிக்கும் முறையை உருவாக்கினார்.

1903இல் ஃபிளாரன்ஸ் நகரின் வேளாண் பூச்சியியல் நிலையத்துக்குத் தலைவரானார். ரெடியா என்ற ஆய்விதழை அதே ஆண்டில் தொடங்கினார். பூஞ்சை ஆய்வாளரான தம்பி அகஸ்டோ இறந்ததும் அந்த ஆண்டில்தான்.

பட்டுத் தொழிலைக் காத்த குளவி

அப்போது இத்தாலியின் பட்டுத் தொழில் பெரிய சிக்கலில் இருந்தது. மல்பெரி மரங்களைச் செதில் பூச்சி உறிஞ்சிக் காயவைத்தது. இலை இல்லையென்றால் பட்டுப்புழு ஏது? 1906இல் அமெரிக்காவிலிருந்து ஒரு மிகச் சிறிய குளவியைத் தருவித்தார் பெர்லேசே. செதில் பூச்சியின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் குளவி அது. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹோவர்டு அதற்கு பெர்லேசேவின் பெயரையே வைத்தார்.

ஒரே ஒரு எதிரி போதுமா, பல எதிரிகள் வேண்டுமா என்று போர்டிச்சியில் இருந்த சில்வெஸ்ட்ரியுடன் அவருக்குக் கடும் மோதல் நடந்தது. குளவி என்னவோ தன் வேலையைச் செய்தது. உயிரைக்கொண்டு உயிரைக் கட்டுப்படுத்தும் முறைக்கு இது இன்றும் ஒரு முன்னுதாரணம்.

புனலும் வெந்நீரும்

இந்தப் பரபரப்புக்கு நடுவே 1905இல் ரெடியாவில் அவர் விவரித்த கருவிதான் பெர்லேசே புனல். வடிவமைப்பு ரொம்ப எளிது. ஒரு புனல், அதன் மேல் சல்லடை, சல்லடையில் மண்ணும் சருகும். புனலைச் சுற்றி வெந்நீர். சூட்டில் மண் மேலிருந்து காய ஆரம்பிக்கும். ஈரத்தைத் தேடி மைட்கள் கீழே கீழே இறங்கும். கடைசியில் சல்லடை ஓட்டை வழியாக நழுவி, அடியில் இருக்கும் சாராயக் குப்பியில் விழும். அவ்வளவுதான்.

அதுவரை ஊசியும் லென்ஸுமாக ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது. இப்போது உயிர்கள் தாமாகவே வந்து விழுந்தன. 1918இல் சுவீடனின் டல்கிரன் வெந்நீருக்குப் பதில் மின்விளக்கைப் பொருத்தினார். இருவர் பெயரும் சேர்ந்த அந்தக் கருவிதான் இன்றும் மண் உயிரியல் ஆய்வகங்களில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நடமாடும் உயிர் மட்டுமே விழும்; முட்டை விழாது. எடுத்துவரும் வழியிலேயே மண் காய்ந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

நூறு நூறாக வைத்த பெயர்கள்

புனல் கொட்டியதைப் பெயரிட பெர்லேசேவுக்கு நேரம் போதவில்லை. தம்பலப்பூச்சியின் குடும்பத்தில் அதுவரை உலகம் அறிந்த வகைகளை 1912இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார். 1916 முதல் புதிய மைட்களை நூறு நூறாக அறிமுகம் செய்தார். அவற்றில் பல விவரிப்புகள் சில வரிகள் மட்டுமே. அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று உறுதிசெய்ய, ஃபிளாரன்ஸில் உள்ள அவரது கண்ணாடித் தகடுகளைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். 1927இல் அவர் மறைந்தார். பூச்சியைக் கொல்லும் கலையில் பெயர் வாங்கியவரை மண்ணுயிர் ஆய்வாளர்கள் நினைப்பது, உயிர்களை எண்ணக் கற்றுத்தந்தவராக.

சரி, தம்பலப்பூச்சிக்கு ஆபத்தா இல்லையா?

ஓர் உயிரினம் அழியும் நிலையில் உள்ளதா என்று மதிப்பிடுவது ஐயுசிஎன் அமைப்பின் சிவப்புப் பட்டியல். 1964இல் தொடங்கியது. அதன் ஓர் அளவுகோல்படி, 10 ஆண்டுகளில் அல்லது 3 தலைமுறைகளில், இதில் எது நீளமோ அந்தக் காலத்தில், 30 சதவீதமாவது குறைந்திருந்தால் அந்த இனம் ஆபத்துக்குள்ளானது. வாழிடப் பரப்பை வைத்தும் கணக்கிடலாம்.

புலிக்கும் யானைக்கும் இது சரி. மைட்டுக்கு? 30 சதவீதம் குறைந்தது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். பல மைட் இனங்கள் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு முறை எடுத்த மண்ணிலிருந்து மட்டும் அறியப்பட்டவை. அது அரிய உயிரா, அல்லது வேறு யாரும் தேடிப் பார்க்காத உயிரா? இரண்டுக்கும் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. உலகில் 50,000க்கும் மேற்பட்ட மைட் இனங்களுக்குப் பெயர் உண்டு. சிவப்புப் பட்டியலில் மதிப்பிடப்பட்டவையோ மிகச் சில. மதிப்பிடவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம் கிடையாது. இதற்கிடையே, நாட்டு மருந்துக்காகத் தம்பலப்பூச்சியைப் பிடித்து உலர்த்தி விற்பதும் நடக்கிறது.

செலவு அதிகமா?

இல்லை. அறுத்த தண்ணீர் பாட்டில், கொசுவலைத் துண்டு, மேசை விளக்கு, கொஞ்சம் ஸ்பிரிட் இருந்தால் கல்லூரி மாணவர்களே ஒரு புனல் செய்துவிடலாம். ஒரு காலி மனையில் அஸ்திவாரம் தோண்டும் முன் ஒரு கைப்பிடி மண் எடுத்து, இடமும் தேதியும் எழுதி, விழுந்ததை எண்ணிப் பாதுகாத்தால் அதுவே முதல் கணக்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் இன்னும் மண் தெரியும் இடங்களில் இதை இன்றைக்கே செய்யலாம். கான்கிரீட் போட்ட பிறகு எந்தப் புனலாலும் முடியாது.