வாக்குரிமையும் மருத்துவமனையும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வும் பணியும்

ஓர் அரசு யாருடைய நோய்க்கு மருந்து தருகிறது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டில் யாருக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வாக்கில்லாதவரின் பிணி, வரவு செலவுத் திட்டத்தில் எளிதில் இடம்பெறுவதில்லை. இவ்வுண்மையை மருத்துவராக நின்று கண்டு, சட்டமன்றத்தில் நின்று போராடி, இறுதியில் ஒரு மருத்துவமனையாகவே எழுப்பிக் காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் உயர்ந்து நின்றவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அம்மரபைச் சமூகம் எவ்வாறு நோக்கியது என்பதை இளமையிலேயே உணர்ந்து வளர்ந்தார் முத்துலட்சுமி. பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட அக்காலத்தில், ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விழைந்தார். எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர் பக்கம் நின்றமையால் கல்லூரிக் கதவு திறந்தது.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பொதுப்பணிக்குத் தடை நிற்றல் கூடாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்திற்கு இசைந்தார்.

வாக்குரிமைக் கிளர்ச்சி

1917 இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டே சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் குழு ஒன்று, இந்தியா வந்திருந்த அமைச்சர் மாண்டேகுவைக் கண்டு பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டியது. எனினும் 1919 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நேரே வழங்கவில்லை. முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடமே விட்டுவிட்டது. 1921 இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கிருந்த தடையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதில் முந்தி நின்றது சென்னையே.

ஆயினும் அன்றைய வாக்குரிமை சொத்தும் வரியும் உடையார்க்கே உரியது. தம் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்டிர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. மேலும், வாக்களிக்கலாமே அன்றி, சட்டமன்றத்தில் அமர இயலாது என்னும் விதி 1926 வரை நீடித்தது. அத்தடை நீங்கியபின் நடந்த தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டுச் சிறு வேறுபாட்டில் தோல்வியுற்றார். மாதர் சங்கத்தின் பரிந்துரைப்படி முத்துலட்சுமி சட்டமன்றத்திற்கு நியமிக்கப் பெற்றார். மருத்துவத் தொழில் தடைப்படுமே என முதலில் தயங்கியவர், பின்னர் இசைந்தார். அவையினர் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

சட்டமன்றப் பணி

அன்று நடந்தது இரட்டையாட்சி. கல்வியும் மருத்துவமும் மக்கட் பிரதிநிதிகளான அமைச்சர்களின் பொறுப்பில் இருந்தன. கருவூலத் திறவுகோலோ ஆளுநரின் நிருவாகக் குழுவிடமே இருந்தது. நோயைப் பற்றிப் பேச ஓர் அமைச்சர், பணத்தைக் கொடுக்க வேறோர் அதிகாரி என்ற அமைப்பில், மக்கள் நலத் திட்டங்கள் நிதியின்றி நலிந்தன. இந்நிலையிலும் பள்ளிச் சிறுமியர்க்கு மருத்துவச் சோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என அவர் அவையில் இடைவிடாது வற்புறுத்தினார். முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி, ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமியர்க்கு உதவித்தொகை ஆகியவற்றிற்கும் முயன்றார்.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927 இல் தீர்மானம் கொணர்ந்தார். 1929 இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் பணி என்னும் கட்டினின்றும் விடுவித்தது. வழக்கத்தையே தடைசெய்யும் மசோதா நிலுவையில் இருந்தபோது, 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி துறந்தார். கொள்கைக்காகத் துறந்த அப்பதவிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவருடைய கனவு முழுச் சட்டமாக 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்துத் தம் பணியைத் தொடர்ந்தார்.

இலண்டனில் ஒலித்த குரல்

1933 இல் இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சான்றளிக்க இந்திய மாதர் மூவர் சென்றனர். ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி, முத்துலட்சுமி ரெட்டி ஆகியோரே அம்மூவர். கிறித்துவரும் முஸ்லிமும் இந்துவுமாகிய அவர்கள் ஒரே குரலில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கோரினர். பெண்களை வகுப்புவாரியாகப் பிரிக்கும் தொகுதிகளை ஏற்க மறுத்தனர். 1935 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோரிக்கையை முழுமையாக ஏற்கவில்லை. பெண்களுக்கு வகுப்புவாரி இடங்களையே ஒதுக்கியது.

நியமனத்தால் அவைக்கு வந்த ஒருவர் ஒதுக்கீட்டை மறுத்தது சரியா என்று இன்றைய மாணவர் வினவலாம், வினவுதலும் முறையே. எனினும் அன்று அவர்கள் அஞ்சியது ஒதுக்கீட்டால் வரும் பிளவையே. அவர்கள் கேட்ட வாக்குரிமை, விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பால் 1950 இல் கைகூடியது. 1951-52 தேர்தலில் செயல் வடிவம் பெற்றது.

புற்றுநோய் மருத்துவமனை

தம் தங்கை புற்றுநோய்க்குப் பலியான துயரம் முத்துலட்சுமியின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். தீராத நோய்க்குச் செலவிடுதல் வீண் என்னும் எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. அரசு உதவியை எதிர்பார்த்துக் காத்திராமல், மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952 இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கிற்று. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் இணைந்த டாக்டர் சாந்தாவும் அதனை நாடறிந்த நிலையமாக வளர்த்தனர்.

1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 இல் மறைந்தார். ஏழைக் கருவுற்ற மகளிர்க்கு நிதி வழங்கும் மகப்பேறு உதவித் திட்டத்திற்குத் தமிழக அரசு அவர் பெயரையே சூட்டியது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட நிதி, அவர் பெயராலேயே வழங்கப்படலாயிற்று.

மாணவச் செல்வங்களே! பதினெட்டு வயது நிறைந்ததும் நீங்கள் இயல்பாகப் பெறும் வாக்குரிமை, முன்னோர் பலர் கேட்டும் மறுக்கப்பட்டும் மீண்டும் கேட்டும் பெற்றதாகும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா என்று வினவும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்ததே. அவ்வினாவை எழுப்புதலே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.