கவிதைக்கென்று ஓர் அச்சகம்: மௌலானா ஹஸ்ரத் மொஹானி

இன்குலாப் ஜிந்தாபாத் என்ற முழக்கத்தை நாட்டுக்குத் தந்தவர் மௌலானா ஹஸ்ரத் மொஹானி என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு சிறிய அச்சகத்தின் உரிமையாளராகவும் இருந்தார். விடுதலைப் போராட்டத்தில் அவர் கொடுத்த விலையில் பெரும்பகுதி அந்த அச்சுத் தொழிலின் வழியாகவே வந்தது.

உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் உள்ள மொஹான் என்ற சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் சையித் ஃபழ்லுல் ஹஸன். அலிகர் கல்லூரியில் 1903-இல் பி.ஏ. முடித்தார். அந்தப் பட்டத்துக்கு அரசு உத்தியோகம் எளிதில் கிடைத்திருக்கும். அவரோ அதே ஆண்டில் உர்தூ-ஏ-முஅல்லா என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார்.

பழைய உர்தூ கவிஞர்கள் பலரின் திவான்கள் அன்று கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. கவனிப்பாரின்றிச் செல்லரித்துக்கொண்டிருந்தன. மௌலானா அவற்றைத் தேடிச் சேகரித்து, சிறந்த கவிதைகளைத் தெரிவு செய்து அச்சிட்டார். பின்னாளில் அவை இன்திகாப்-ஏ-சுகன் என்ற பெயரில் பல தொகுதிகளாயின. மறைந்துபோகவிருந்த கவிஞர்கள் பலர் இன்று வாசிக்கப்படுவதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

1908-இல் சோதனை வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் நடத்திய கல்விக் கொள்கையைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியவர் பெயரின்றி அவ்விதழில் வெளியானது. எழுதியவரின் பெயரைக் கேட்டது அரசு. மௌலானா சொல்லவில்லை. அச்சிட்டவன் நானே, பொறுப்பும் எனதே என்று நின்றார். கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்துக்காக அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூலகம் அற்ப விலைக்கு ஏலம் போனது.

சிறையில் நாள்தோறும் ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ கோதுமையைத் திரிகையில் அரைக்க வேண்டும். ரமழானும் அங்கேயே வந்தது. சஹருக்கும் இஃப்தாருக்கும் முறையான ஏற்பாடில்லாமல் நோன்பு நோற்றார். திரிகை சுற்றியபடியே கவிதையும் இயற்றினார்.

கைதான வேளையில் வீட்டில் கைக்குழந்தை நோயுற்றிருந்தது. ஆயினும் மனைவி நிஷாதுன்னிஸா பேகம் கலங்கவில்லை. துணிவோடு இருக்கும்படி கணவருக்கு மடல் எழுதினார்.

1909-இல் விடுதலையானதும் இதழ் மீண்டும் வந்தது. அச்சகம் என்றாலும் கையால் இயக்கும் ஓர் அச்சுப்பொறியும் சில கற்களும்தான். உர்தூ அச்சு அக்காலத்தில் கல்லச்சு. காதிப் கொழுப்பு மையால் தாளில் எழுதுவார். அது கல்லில் பதிக்கப்படும். கல்லை நனைத்து, மை உருட்டி, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுக்க வேண்டும். பட்டதாரியான மௌலானா கூலியாள் செய்யும் வேலையையும் தம் கையாலேயே செய்தார். பேகமும் உடன் நின்றார்.

1913-இல் பத்திரிகைச் சட்டத்தின்படி 3000 ரூபாய் பிணைத்தொகை கேட்கப்பட்டது. அச்சகத்தை முழுவதும் விற்றாலும் தேறாத தொகை. பணிந்து போனால் தப்பலாம். அவர் அச்சகத்தை மூடிவிட்டு, அலிகரில் சுதேசித் துணிக்கடை வைத்தார். 1916-இல் மீண்டும் கைதானார். அடுத்த ஆண்டு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்த பெண்கள் தூதுக்குழுவில் பேகமும் இடம்பெற்றார்.

1921 அஹமதாபாத் காங்கிரஸில் பூரண விடுதலைத் தீர்மானத்தை மௌலானா கொண்டுவந்தார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் இருந்தார். பலமுறை ஹஜ் செய்தார். 1951 மே 13 அன்று லக்னோவில் வஃபாத்தானார். செல்வம் எதுவும் சேர்த்திருக்கவில்லை.

நம்பி ஒப்படைக்கப்பட்ட எழுத்தும் அமானிதம், எழுதியவரின் பெயரும் அமானிதம். அதைக் காக்க நூலகத்தையும் தொழிலையும் இழந்தவர் அவர். யார் எழுதியது என்று பாராமலே எதையும் நொடியில் பரப்பும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்று, மஃக்ஃபிரத் அருள்வானாக. ஆமீன்.