இரண்டு முறை அரிச்சுவடி படித்த சதுரங்க வீரர்
சீமைச் சாம்பியன்களைத் திணற அடித்த சுல்தான்கான்

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஊர் ஜமுனாமரத்தூர். அங்கே ஒரு பையன் முதன்முதலாகச் சதுரங்கப் பலகை முன்னால் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் 64 கட்டங்கள். அவன் பக்கம் 16 காய்கள். குதிரை எப்படித் தாவும், யானை எப்படி ஓடும் என்பதே அவனுக்குத் தெரியாது.

பட்டணத்துப் பிள்ளைகள் புத்தகம் பார்த்துப் படிக்கிறார்கள். வாத்தியார் வைத்துக் கற்கிறார்கள். மலையில் பிறந்த நாம் அவர்களை ஜெயிக்க முடியுமா என்ற ஏக்கம் அவனுக்கு வரத்தான் செய்யும்.

அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதுதான் மீர் சுல்தான்கானின் கதை.

அப்பா கற்றுத் தந்த ஆட்டம்

பஞ்சாபில் மிட்டா திவானா என்று ஓர் ஊர். இப்போது அது பாகிஸ்தானில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான்கான் அங்கே பிறந்தார்.

அவருக்கு 9 வயதானபோது, தகப்பனார் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார். அது நம் நாட்டு முறைச் சதுரங்கம்.

பையன் வளர்ந்தான். ஆட்டமும் வளர்ந்தது. 21 வயதில், பஞ்சாபிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்ற பெயர் வந்துவிட்டது.

சர் உமர் ஹயத்கான் என்ற பெரும் நிலப்பிரபுவின் காதுக்கு இந்தச் செய்தி எட்டியது. அவர் சதுரங்கப் பிரியர். சுல்தான்கானைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். செலவுக்குப் பணமும் கொடுத்தார்.

மீண்டும் முதல் பாடம்

இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. நம் நாட்டுச் சட்டம் வேறு. ஐரோப்பியச் சட்டம் வேறு.

ஐரோப்பிய ஆட்டத்தில், சிப்பாய் முதல் தடவை 2 கட்டம் போகலாம். நம் ஆட்டத்தில் ஒரே கட்டம்தான்.

அங்கே ராஜாவும் யானையும் சேர்ந்து இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். இங்கே அது கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம்.

அங்கே கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் ராணியாகவே மாறலாம். இங்கே, எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேருகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

கை பழகிய ஆட்டத்தை மறக்க வேண்டும். புதிய ஆட்டத்தைப் பழக வேண்டும். ஒன்றும் தெரியாதவனுக்குக் கற்பது மட்டும்தான் வேலை. சுல்தான்கானுக்கோ மறப்பதும் ஒரு வேலை!

பஞ்சாபின் முதல்தர ஆட்டக்காரர், மறுபடி அரிச்சுவடியில் உட்கார்ந்தார். 1926-ம் ஆண்டு வாக்கில் புதிய சட்டங்களைக் கற்றார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் கலந்துகொண்டார். 9 ஆட்டங்களில் 8-ல் வெற்றி, ஒன்றில் சமன். தோல்வியே இல்லை!

லண்டனில் முதல் அடி

1929-ல் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே பயிற்சிக்காக ஒரு சிறிய போட்டி நடந்தது. சுல்தான்கான் கடைசி இடத்துக்குப் போய்விட்டார்.

காரணம் என்ன? முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை எப்படி ஆடுவது என்று ஐரோப்பியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் படிப்பு இவருக்கு இல்லை.

அவர் மனம் உடையவில்லை. வின்டர், யேட்ஸ் என்ற இரு ஆங்கில ஆட்டக்காரர்களுடன் உட்கார்ந்து பயிற்சி செய்தார். அதே கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. முதல் பரிசு யாருக்கு? சுல்தான்கானுக்கு!

ஆட்டத்தின் தொடக்கத்தில் அவர் தடுமாறுவார். ஆனால் நடு ஆட்டம் வந்துவிட்டால் அசைக்க முடியாது. காய்கள் குறைந்த இறுதி ஆட்டத்தில் அவர் பொறுமைக்கு ஈடே இல்லை.

மாஜி உலகச் சாம்பியன் தோற்றார்

லண்டன் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் சளியும் தொண்டை வலியும் மாறி மாறி வந்தன. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே ஆடினார்.

அப்படியும் அவரை நிறுத்த முடியவில்லை. 1930-ம் ஆண்டுக் கடைசியில் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபாபிளாங்காவைத் தோற்கடித்தார். கியூபா நாட்டவரான காபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர்.

1931-ல் டார்டகோவர் என்ற பெரிய வீரருடன் 12 ஆட்டங்கள் ஆடி ஜெயித்தார். அதே ஆண்டு பிராக் நகர ஒலிம்பியாட்டில், உலகச் சாம்பியன் அலகைனுடன் சமன் செய்தார்.

1932-லும் 1933-லும் பிரிட்டிஷ் பட்டம் மறுபடி அவருக்கே கிடைத்தது. 1933-ல் பெண்கள் பட்டமும் சர் உமரின் வீட்டுக்கே வந்தது. அதை வென்றவர் ஃபாத்திமா என்ற இளம்பெண்!

சுல்தான்கான் எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்று மேல்நாட்டில் பலர் எழுதினார்கள். அவர் குடும்பத்தார் அதை மறுத்திருக்கிறார்கள்.

அடைந்த கதவு

1933-ம் ஆண்டுக் கடைசியில் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான்கானும் கூடவே திரும்பினார். அத்துடன் ஐரோப்பிய ஆட்டம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

பிறகு சொந்த ஊர்ப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பழக்கவில்லை. 1966 ஏப்ரல் 25-ல் சர்கோதாவில் காலமானார்.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1950-ல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2024-ல்தான் கவுரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் இறந்து ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆட்டத்தைக் கற்க அவருக்குத் தடை இருக்கவில்லை. தொடர்ந்து ஆடத்தான் வழி இல்லாமல் போயிற்று. ஒரு பிரபுவின் தயவில் திறந்த கதவு, அவர் ஊர் திரும்பியதும் மூடிக்கொண்டது.

2022-ல் நம் மாமல்லபுரத்திலேயே சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இன்று ஜவ்வாது மலைப் பையனுக்கு எந்தப் பிரபுவின் தயவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பலகை வேண்டும். கூட உட்கார்ந்து ஆட ஒருவர் வேண்டும்.

முதல் ஆட்டத்தில் அவன் தோற்பான். தோற்கட்டும். லண்டனில் சுல்தான்கானும் கடைசி இடத்தில்தான் தொடங்கினார்.