காட்டைப் படம் பிடித்த மா. கிருஷ்ணன்

இந்த மாதம் நான் எழுதுவது ஒரு பெரிய மனிதரைப் பற்றி. ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. காட்டைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்.

மா. கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாதான் இவருடைய அப்பா. எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. வளர்ந்தது சென்னை மயிலாப்பூர். 1925-ல் அப்பா இறந்தபோது நம்மைவிடச் சின்னப் பையன்.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பைசன் என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். நம்ம நீலகிரி உச்சியிலும் பழனி மலை உச்சியிலும் உள்ள செடி கொடிகளைப் புத்தகமாகப் போட்டவர் அவர்தான். அவர் கூடவே கிருஷ்ணனும் மலை ஏறிச் செடி பார்த்தார். அவர் மனைவியிடம் வர்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார். வக்கீல் படிப்பும் முடித்தார், மனசு ஒட்டவில்லை. 1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். அங்கே ஆடு மேய்த்தும் பார்த்தாராம். இவ்வளவு படிச்சவர் ஆடு மேய்ச்சா நம்ம ஊர்ல என்ன சொல்லுவாங்க, நினைச்சுப் பாருங்க!

1950 முதல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விலங்கு, பறவை, மரம் பற்றி எழுதினார். நம்ம மாவட்டத்து முதுமலைக்குப் பலமுறை வந்து யானைகளைப் படம் எடுத்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமரா அது. கலர் படம் பக்கமே போகவில்லை, கருப்பு வெள்ளைதான். புலிகளைக் காக்கும் அரசுத் திட்டக் குழுவிலும் இருந்தார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தந்த மண்ணில் தானாக வளரும் மரம்தான் காடு, வெளிநாட்டு மரத்தை வரிசையாக நட்டால் அது காடு ஆகாது என்று கடைசிவரை வாதாடினார். அழகாப் பூக்குதேன்னு யாராவது சொன்னாலும் விட மாட்டார். இது நமக்குத்தான் ரொம்பப் பொருந்தும். கற்பூர மரமும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவை. வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும், தோல் பதனிடப் பட்டைக்கும் என்று நட்டார்கள். நட்டது வெறும் நிலத்தில் இல்லை, புல்வெளியில்! அந்தப் புல்லைத்தான் வரையாடு மேயும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல ஓடைக்கு விடுவதும் புல்லும் சோலையும்தான். வாட்டில் அடர்ந்தால் கீழே புல் முளைக்காது. அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-ல்தான் கொள்கை கொண்டுவந்தது. கிருஷ்ணன் எத்தனை வருடம் முன்னால் சொன்னார்!

இப்போ நம்ம விஷயம். மழை வந்ததும் பசுமைப் படை சார்பில் பள்ளி மேட்டில் கன்று நடப்போறோம். சீக்கிரம் வளரும், சில்வர் ஓக்கே நடலாம்னு பேச்சு. அதுவும் ஆஸ்திரேலியா மரம்தான். எஸ்டேட்டில் நிழலுக்கு இருக்கட்டும். பள்ளி மேட்டில் நாவல் நடலாமே? மெதுவாத்தான் வளரும். நாம பத்தாவது முடிச்சுப் போகும்போது இடுப்பு உயரம்கூட வராது. எங்க அம்மா, அப்போ தண்ணி ஊத்துறது யாருன்னு கேட்டாங்க. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். டீச்சரிடம் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன், கூட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதியிருக்கிறார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்ற புத்தகம் நம் நூலகத்துக்கு வந்தால் நான்தான் முதலில் எடுப்பேன்.

1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் இறந்தார். 46 வருடம் எழுதிய அந்தப் பகுதி அன்றைய பத்திரிகையிலும் வந்திருந்தது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி