சிவப்பணியில் நிலைத்த அரசி அகல்யாபாய்

இலங்கையிலிருந்து வட இந்திய யாத்திரை செல்லும் அடியார்கள் காசி விசுவநாதரைத் தரிசித்துக் கங்கையில் தீர்த்தமாடுவர். கயாவிலே தம் முன்னோருக்குப் பிதிர்க்கடன் செய்வர். வசதியுள்ளோர் மேற்கே குஜராத்திலுள்ள சோமநாதத்துக்கும் மகாராஷ்டிரத்திலுள்ள எல்லோராக் குகைக் கோயில்களுக்கும் செல்வதுண்டு. ஒன்றுக்கொன்று நெடுந்தூரத்தில் உள்ள இத்தலங்கள் அனைத்திலும் ஒரு பெண்ணின் திருப்பணி உண்டு. அவரே மாளவ நாட்டை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர். அவர் நாடாள வேண்டுமென்று ஆசைப்பட்டவர் அல்லர். தமக்கென்று இருந்தோரை ஒவ்வொருவராக இழந்த பின்னர் இறைபணியையும் மக்கள் பணியையும் தம் வாழ்வாக்கிக் கொண்டவர்.

பிறப்பும் திருமணமும்

அகல்யாபாய் 1725 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி மகாராஷ்டிரத்தில் சௌண்டி என்னும் சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தையார் மாங்கோஜி சிந்தே அவ்வூர்த் தலைவர். பெண் பிள்ளைகள் எழுத்தறியாத அக்காலத்தில் அவர் தம் மகளுக்கு எழுதவும் வாசிக்கவும் கற்பித்தார்.

மராத்தியப் பேஷ்வாவின் தளபதிகளுள் ஒருவரான மல்ஹார்ராவ் ஹோல்கர், அவ்வூர் வழியே சென்றபோது கோயிலிலே தொண்டு செய்து கொண்டிருந்த இச்சிறுமியின் அடக்கத்தையும் பக்தியையும் கண்டு வியந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1733 இல் தம் மகன் கண்டேராவுக்கு அவரை மணமுடித்து வைத்தார். மாலேராவ் என்ற மகனும் முக்தாபாய் என்ற மகளும் பிறந்தனர்.

அடுத்தடுத்து வந்த இழப்புகள்

1754 இல் பரத்பூருக்கு அண்மையிலுள்ள கும்ஹேர் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கண்டேராவ் மாண்டார். அகல்யாபாய்க்கு அப்போது 29 வயது நிறையவில்லை. கணவனின் சிதையில் உடன்கட்டை ஏறத் துணிந்தார். மல்ஹார்ராவ் கண்ணீருடன் மறித்து, முதுமையில் தமக்குத் துணையாக வாழுமாறு வேண்டினார். மாமனாரின் சொல்லை மறுக்க முடியாமல் அவர் உயிர் தரித்தார். அன்று முதல் வெண்ணிற ஆடையே அவரது உடையாயிற்று. மல்ஹார்ராவ் போர்க்களம் செல்லும் காலங்களில் வரி, கணக்கு, படைகளுக்கான பொருட்கள் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

1766 இல் மல்ஹார்ராவ் காலமானார். பட்டத்துக்கு வந்த மகன் மாலேராவும் ஓராண்டு நிறையுமுன் 1767 இல் இறந்தான். வாரிசில்லாத நாட்டைக் கைப்பற்ற இதுவே தருணம் என்று சிலர் எண்ணினர். பேஷ்வாவின் சிறிய தந்தையார் ரகுநாதராவ் படையுடன் புறப்பட்டு வந்தார். அகல்யாபாய் அஞ்சவில்லை. அயலிலுள்ள மராத்தியத் தலைவர்களின் துணையைத் தேடிக்கொண்டார். ஒரு பெண்ணை வென்றால் அவருக்குப் புகழ் இல்லை, தோற்றாலோ தீராத பழி என்று ரகுநாதராவுக்குச் சொல்லி அனுப்பினார். படை வந்த வழியே திரும்பியது. பேஷ்வா மாதவராவும் ஆட்சியுரிமையை அவருக்கே உறுதி செய்தார். மல்ஹார்ராவின் நம்பிக்கைக்குரியவராக இருந்த துக்கோஜிராவ் படைகளுக்குத் தலைமை தாங்க, நாட்டு நிருவாகம் முழுவதையும் அகல்யாபாய் ஏற்றார்.

நர்மதைக் கரையில் ஓர் எளிய அரண்மனை

நர்மதை ஆற்றங்கரையிலுள்ள மகேஸ்வர் அவரது தலைநகரமாயிற்று. விடியுமுன் எழுந்து நீராடிச் சிவபூசை செய்வார். புராணம் கேட்பார். ஏழைகளுக்கும் அந்தணருக்கும் அன்னமிட்ட பின்பே தாம் உண்பார். பின்னர் சபையில் அமர்ந்து, முகத்திரை இன்றி, குடிமக்களின் முறைப்பாடுகளை நேரிலே கேட்டுத் தீர்ப்பு வழங்குவார். நாடு சிவனுடையது, தாம் அதனைப் பராமரிக்கும் பணியாள் என்ற எண்ணத்துடன் அரச ஆணைகளைச் சங்கரன் திருநாமத்தாலே வெளியிட்டார் என்பர். பிள்ளையில்லாத கைம்பெண்களின் சொத்தை அரசு எடுத்துக் கொள்ளாமல் அவர்களிடமே விட்டார்.

மகேஸ்வருக்கு நெசவாளரை வரவழைத்துக் குடியேற்றினார். அங்கு நெய்யப்படும் சேலைகள் இன்றும் அவ்வூரின் பெயராலேயே அறியப்படுகின்றன. கோட்டையையும் ஆற்றங்கரைப் படித்துறைகளையும் காணச் செல்வோர் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம். மாளிகை என்று சொல்லத்தக்க ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. அவர் வழிபட்ட பூசையறையே அங்கு முதன்மையானது.

திருப்பணிகள்

காசி விசுவநாதர் ஆலயம் 1669 இல் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பள்ளிவாசல் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாகப் பெருமானுக்கு முறையான ஆலயம் இல்லாத குறை நீடித்தது. பள்ளிவாசலை அடுத்திருந்த இடத்தில் அகல்யாபாய் எழுப்பிய கோயில் 1780 இல் நிறைவெய்தியது. இன்று அடியார்கள் தரிசிப்பது அக்கோயிலையே. அதன் விமானத்துக்கான பொன்னைப் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் பிற்காலத்தில் வழங்கினார். மணிகர்ணிகைப் படித்துறையையும் அகல்யாபாய் புதுப்பித்தார். அவர் பெயரிலேயே கங்கைக் கரையில் ஒரு படித்துறையும் உண்டு.

சோமநாதத்தில் பழைய கோயில் பாழடைந்து கிடந்தது. அதன் அருகே 1783 இல் சிறிய கோயிலொன்றை அவர் அமைத்து, நிலத்துக்குக் கீழே உள்ள கருவறையில் சிவலிங்கத்தை எழுந்தருளச் செய்தார். கடற்கரையில் இப்போதுள்ள பெரிய ஆலயத்தின் பிரதிஷ்டை 1951 இல் நடைபெற்றது. அதுவரை பூசை அறாமல் நின்றது அகல்யாபாயின் கோயிலிலேதான். பெரிய ஆலயத்தைக் கண்டதும் திரும்பிவிடும் யாத்திரிகர் பலர் சற்றுத் தொலைவிலுள்ள அக்கோயிலைக் காணாமலே போய்விடுகின்றனர்.

கயாவில் பல்குனி நதிக்கரையிலுள்ள விஷ்ணுபாதக் கோயிலை 1787 இல் கருங்கல்லால் கட்டினார். பெற்றோருக்குப் பிண்டமிட அங்கு செல்லும் ஒவ்வொருவரும் அவர் கட்டிய மண்டபத்தின் நிழலிலேயே நிற்கின்றனர். எல்லோராவில் ஒரே மலையைக் குடைந்து செய்த கைலாசநாதர் கோயிலை உலகமே வந்து பார்க்கிறது. அதற்கு அண்மையில் கிருஷ்ணேசுவரர் கோயில் உள்ளது. பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகிய அதனைப் புதுப்பித்தவரும் அவரே.

இவற்றோடு கேதாரம், துவாரகை, பூரி ஜெகந்நாதம், இராமேஸ்வரம் என நான்கு திசைத் தலங்களிலும் அறப்பணிகளை நிறுவி, ஆண்டுதோறும் பொருள் அனுப்பி வந்தார். தென்னகக் கோயில்களின் அபிஷேகத்துக்குக் கங்கை நீரைக் காவடிகளில் அனுப்பினார். தம் ஆட்சிக்கு உட்படாத நாடுகளிலும் இத்தனை பணிகளைச் செய்தவர், அதற்கு நாட்டு மக்களின் வரிப்பணத்தை நாடவில்லை. ஹோல்கர் குடும்பப் பெண்களின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட காணிகளின் வருமானமே இவற்றுக்குச் செலவாயிற்று. கோயிலைக் கட்டியதோடு நில்லாமல் நித்திய பூசைக்கும் அன்னதானத்துக்கும் வழி செய்து வைத்ததே அவரது திருப்பணியின் சிறப்பாகும்.

அவரது தர்மம் கோயில் வாசலோடு நிற்கவில்லை. கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். குளிர்காலத்தில் முதியோருக்கு ஆடை வழங்கினார். வயலில் உழுதுகொண்டிருக்கும் மாடுகளுக்கும் பணியாளர் தண்ணீர் கொண்டு சென்றனர். பறவைகள் மேய்வதற்கென்றே விளைந்த வயல்களை விலைக்கு வாங்கி விட்டிருந்தார். அவர் காலமான பின் மத்திய இந்தியாவுக்கு வந்த ஆங்கில அதிகாரி ஜோன் மல்கம், மக்களிடம் கேட்டறிந்த இச்செய்திகளை வியப்புடன் எழுதி வைத்துள்ளார்.

ஒருமுறை புலவர் ஒருவர் அவரைப் போற்றி ஒரு நூல் இயற்றி வந்து படித்தார். அகல்யாபாய் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பாவியாகிய தமக்கு இப்புகழ்ச்சி தகாது என்று கூறி, நூலை நர்மதையில் எறியும்படி பணித்தார்.

இறுதித் துன்பம்

முதுமையில் மற்றொரு பேரிடி வந்தது. பேரனை இழந்தார். 1791 இல் மருமகன் யஷ்வந்த்ராவ் இறந்தார். மகள் முக்தாபாய் உடன்கட்டை ஏற முடிவு செய்தாள். ஒரு காலத்தில் மாமனாரின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிதையிலிருந்து திரும்பியவர், இப்போது மகளின் காலடியில் விழுந்து மன்றாடினார். மகள் இணங்கவில்லை. நாட்டுக்கே நீதி வழங்கிய தாயால் தன் பிள்ளையைக் காக்க முடியவில்லை. நர்மதைக் கரையில் அச்சிதை எரிவதைக் கண்டு அலறிய அவர், மூன்று நாள் உணவின்றி வாய்பேசாது கிடந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன் பின்னரும் பூசையையும் கடமையையும் கைவிடவில்லை. 28 ஆண்டுகள் ஆட்சி செய்து, 1795 ஓகஸ்ட் 13 ஆம் திகதி தமது 70 ஆவது வயதில் சிவபதமடைந்தார்.

காசியில் 2021 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்ட விரிவான ஆலய வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டுள்ளது. 2025 இல் அவரது 300 ஆவது பிறந்த ஆண்டு இந்தியாவில் கொண்டாடப்பட்டது. காசிக்கும் கயாவுக்கும் செல்லும் அடியார்கள், தம் பெற்றோரை நினைத்து வணங்கும் வேளையில், பிள்ளைகள் எவரும் எஞ்சாத இத்தாயையும் ஒருகணம் நினைத்து வணங்குவது தகும். வாழ்வில் எத்தகைய துன்பம் வரினும் தளராது தொண்டு செய்யும் மனத்தை எல்லாம் வல்ல எம்பெருமான் அனைவருக்கும் அருள்வாராக.